கடைமாணாக்கர் எனும் பெயரும் கற்றல் தடை எனும் பொருளும்: தமிழ்ப்பள்ளி நாள் பாடத்திட்டம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நாள்தோறும் எழுதும் ஆவணம் நாள் பாடத்திட்டமாகும். கற்றல் தரம், பாட நோக்கம், வெற்றிக் கூறுகள், பீடிகை, நடவடிக்கைகள், பயிற்றுத் துணைப்பொருள், மதிப்பீடு, சிந்தனை மீட்சி என்னும் கூறுகளை அது கொண்டிருக்கும். பாடநூலையும் தேர்வுத்தாளையும் திறனாய்வது போலவே இவ்வாவணத்தையும் திறனாயலாம். மாணவரைப் பற்றி ஆசிரியர் உலகம் உண்மையில் என்ன எண்ணுகிறது என்பதை, கொள்கை அறிக்கைகளைவிட இவ்வாவணமே தெளிவாகக் காட்டுகிறது.

ஒரே வகுப்பில் பலதரப்பட்ட மாணவர் அமர்ந்திருக்கும்போது அவர்தம் கற்றல் தடைகளைப் பாடத்திட்டமிடலின்போதே எவ்வாறு இனங்காண்பது என்பது இக்கட்டுரையின் பொருள். இன்றைய வழக்கில் தடை என்பது பாடம் முடிந்த பின் மாணவரிடம் காணப்படும் குறையாகப் பதிவாகிறது. அது பாடத்திற்கும் மாணவருக்கும் இடையே எழுவது. பாடம் தொடங்கும் முன்னரே பாடத்தினுள் தேடப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. நன்னூல் தரும் இரு பட்டியல்கள்

மாணவர் வேறுபாடு பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பவணந்தியாரின் நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கருக்கும் உவமைகளாகின்றன. தமிழாசிரியர் பலரும் அறிந்த பட்டியல் இது. நம் பாடத்திட்டங்களில் இடம்பெறும் முதல்நிலை, இடைநிலை, கடைநிலை மாணவர் என்னும் பகுப்பு இதிலிருந்து நேரே வந்ததன்று. எனினும் அப்பகுப்பு நம் செவிக்கு இயல்பாக ஒலிப்பதற்கு இம்மரபும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் அதே பாயிரத்தில் இன்னொரு பட்டியலும் உண்டு. ஆசிரியராதற்குத் தகுதியற்றோர்க்கு நன்னூல் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளைக் கூறுகிறது. கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறையில் காய்களைத் திருப்பித் தராது. இது கற்ற முறையில் கற்பிக்காத தன்மை. பனை, தானாக விழும் கனியைத் தருமேயன்றித் தன்னை அணுகி ஏற விடாது. பருத்தி அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாகவே கொள்ளும்; சிறிது சிறிதாகவே கொடுக்கும். வளைந்த தென்னை, நீர் வார்த்தவரின் முற்றத்தை விட்டு அடுத்தவர் முற்றத்தில் காயை உதிர்க்கும். இந்நான்கும் மாணவரின் குறைகள் அல்ல; கற்பித்தலில் உள்ள தடைகள். மேலும், பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, காலத்தையும் இடத்தையும் நோக்கி, கொள்பவர் எவ்வாறு கொள்வார் என்பதை அறிந்து, அவர் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்றே நன்னூல் ஆசிரியருக்கு விதிக்கிறது.

ஆக, நன்னூல் தடையை இருபுறமும் வைக்கிறது. நாம் முதற்பட்டியலை நினைவில் கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம். இம்மறதி நாள் பாடத்திட்டத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இனிக் காணலாம்.

2. குறைநீக்கல் என்னும் சொல்

1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், குறைநீக்கல், வளப்படுத்துதல் என்னும் இரு நடவடிக்கைகளுக்கு முதன்மை அளித்தது. எல்லா மாணவரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்ட வகையில் அது நல்லதொரு முன்னேற்றமாகும். 2011இல் முதலாமாண்டில் தொடங்கிய தர அடிப்படையிலான கலைத்திட்டமும், 2017இல் தொடங்கிய அதன் மறுசீரமைப்பும் இச்சொற்களைக் கைவிடவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின், ஆறு அடைவு நிலைகளைக் கொண்ட வகுப்புசார் மதிப்பீட்டின் முதன்மை மேலும் கூடியது. ஒரு மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அறியும் பொறுப்பு இன்று பெரும்பாலும் வகுப்பாசிரியரையே சார்ந்துள்ளது.

இப்பொறுப்பு தாளில் எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது? சிந்தனை மீட்சிப் பகுதியில் வழக்கமாக எழுதப்படுவது இவ்வகையினது: இருபத்தைந்து மாணவருள் இருபதின்மர் நோக்கத்தை அடைந்தனர், எஞ்சிய ஐவருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. இவ்வாக்கியத்தில் எண்ணிக்கை உண்டு, காரணம் இல்லை. ஐவரும் ஒரே இடத்தில் தடுக்கினரா, ஐந்து வெவ்வேறு இடங்களிலா? தடுக்கியது பாடப்பொருளிலா, பாடப்பொருளுக்கு முன்பிருந்த வேறொன்றிலா? இவ்வினாக்களுக்கு விடையின்றி வழங்கப்படும் பயிற்சித்தாள், நோயை அறியாமல் கொடுக்கப்படும் மருந்துக்கு ஒப்பாகும்.

‘கடைநிலை’ என்பது அளவைக் குறிக்கும் சொல். எவ்வளவு பெற்றார் என்பதை அது கூறும். ஏன் பெறவில்லை என்பதைக் கூறாது. ஆயினும் நடைமுறையில் அச்சொல்லே காரணமாகவும் ஆகிவிடுகிறது. மாணவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், அவர் கடைநிலை மாணவர் என்பதே விடையாகக் கிடைக்கிறது.

3. கடினமும் தடையும்

இவ்விடத்தில் இரண்டு கருத்துகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் முயன்று வெல்ல வேண்டிய கடினம் ஒன்று உண்டு. அதுவே அப்பாடத்தின் நோக்கம். அதை நீக்கினால் பாடமே இல்லை. அக்கடினத்தைச் சென்றடையும் வழியில், நோக்கத்தோடு தொடர்பற்ற வேறு சில தேவைகளும் கிடக்கும். அவற்றை நிறைவு செய்ய இயலாத மாணவருக்கு அவை தடைகளாகின்றன. ஒரு பாடத்தில் தடையாவது இன்னொரு பாடத்தில் கடினமாகலாம். சொல்வதெழுதுதலில் எழுத்துப்பிழை பாடத்தின் கடினம். கதையைக் கோவைப்படுத்தும் பாடத்தில் அதே எழுத்துப்பிழை வழியில் கிடக்கும் தடை.

நான்காமாண்டுக் கட்டுரைப் பாடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் நிகழ்ந்தவற்றை நிரல்பட எழுதுதல் என்பது அதன் நோக்கம். கற்க வேண்டிய கடினம் நிரல்படுத்துதல். ஆனால் பாடம் மாணவரிடம் கேட்பவை வேறு பலவும் உள: வெண்பலகையில் உள்ள குறிப்புகளைப் படியெடுக்கும் வேகம், எழுத்துவழக்குச் சொற்கள், இறந்தகால வினைமுற்று, எழுத்துக்கூட்டல், அந்நாளில் பள்ளிக்கு வந்திருத்தல். இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாதவர் நிரல்படுத்தும் படியை எட்டுமுன்னரே நின்றுவிடுவார்.

இனி, இம்மாணவருக்கு வழக்கமாகத் தரப்படும் குறைநீக்கல் தாளை நோக்குவோம். பெரும்பாலும் அது கோடிட்ட இடங்களை நிரப்பும் பத்தியாக இருக்கும். அதில் நிகழ்வுகள் ஏற்கெனவே நிரல்படுத்தப்பட்டுள்ளன. மாணவர் செய்ய வேண்டியது, விடுபட்ட சொல்லைப் பிழையின்றி எழுதுவது மட்டுமே. அதாவது, கற்க வேண்டிய கடினம் நீக்கப்பட்டுத் தடை மட்டும் கையில் தரப்படுகிறது. முதல்நிலை மாணவர் சிந்தனையைப் பயில, கடைநிலை மாணவர் எழுத்துக்கூட்டலை மட்டும் பயில்கிறார். ஆண்டுதோறும் இது தொடருமானால், ஒரே வகுப்பில் அமர்ந்த இருவர் இருவேறு கலைத்திட்டங்களைக் கற்று வெளியேறுவர். குறைநீக்கல் என்னும் நல்ல எண்ணம், குறையை நிலைநிறுத்தும் கருவியாக மாறுவது இவ்வாறுதான்.

தடையை நீக்குவதென்றால் நிரல்படுத்தலைக் காத்துக்கொண்டு மற்றவற்றைத் தளர்த்த வேண்டும். எழுத இயலாதவர் வாயால் நிரல்படக் கூறலாம். படங்களை வரிசைப்படுத்திப் பின் இரண்டு வாக்கியம் எழுதலாம். அந்நாளில் வராதவர் தாம் கண்ட வேறொரு நிகழ்வைக் கூறலாம். நோக்கம் எல்லார்க்கும் ஒன்றே. அதை அடையும் வழியே வேறு.

4. ஒரே மதிப்பெண், இருவேறு தடைகள்

இதே பாடத்தில் இரு மாணவர் எழுதியதாக இரண்டு வாக்கியங்களைக் கொள்வோம். ஒருவர் ‘நேத்து மழ பேஞ்சிச்சு’ என்று எழுதுகிறார். மற்றவர் ‘நான் நேற்று போகிறேன் கடை’ என்று எழுதுகிறார். இருவர் தாளிலும் சிவப்பு மை ஏறுகிறது. இருவரும் ஒரே குழுவில் சேர்க்கப்படுகின்றனர்.

முதலாமவர் வீட்டில் தமிழ் பேசுபவர். காலம், வினைமுற்று, சொல்வரிசை ஆகிய அனைத்தும் அவரிடம் பிழையின்றி உள்ளன. அவர் எழுதியது பேச்சுவழக்கு. அதை எழுத்துவழக்காக மாற்றும் முறைமையே அவருக்குத் தேவை. இரண்டாமவரின் சொற்கள் எழுத்துவழக்கினவே. ஆனால் வாக்கிய அமைப்பு தமிழினுடையது அன்று. வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசும் குழந்தைக்கு, வினைக்குப் பின் பெயர் வருவது இயல்பு. மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்பவோ திணை, பால், எண், இடத்திற்கேற்பவோ உருமாறுவதில்லை. ஆதலால் ‘போகிறேன்’, ‘போனேன்’ என்னும் வேறுபாட்டின் தேவையையே அவர் இன்னும் உணரவில்லை. முதலாமவருக்கு உரிய பயிற்சி இரண்டாமவருக்குப் பயன்படாது. இரண்டாமவருக்கு உரியது முதலாமவருக்கு அயர்வூட்டும்.

பேச்சுவழக்கு, எழுத்துவழக்கு என்னும் இரட்டை வழக்கு நிலையைத் தமிழ்க் கல்வி நெடுங்காலம் ஒழுக்கச் சிக்கலாகவே கருதிவந்தது. பேச்சுவழக்கில் எழுதுவது கொச்சை எனக் கடியப்பட்டது. சிங்கப்பூரில் தமிழ்மொழிக் கலைத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு 2005இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தருமாறு பரிந்துரைத்தமை இவ்வகையில் ஒரு திருப்பமாகும். அங்கு அப்பரிந்துரை, தமிழை வாழும் மொழியாகப் பேணுவது குறித்த கவலையிலிருந்து எழுந்தது. பாடத்திட்டமிடல் நோக்கில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பேச்சுவழக்கை ஆசிரியர் செவிமடுத்தாலன்றி, மாணவரிடம் எது உள்ளது, எது இல்லை என்பதை அறிய வழியில்லை.

5. மொழியினுள்ளேயே கிடக்கும் தடைகள்

மாணவர் எவராயினும், தமிழின் அமைப்பிலிருந்தே எழும் தடைகளும் சில உண்டு. இவற்றை முன்கூட்டியே கணிக்கலாம் என்பதால் பாடத்திட்டமிடலுக்கு இவை மிகவும் ஏற்றவை. மூன்றை மட்டும் இங்குச் சுட்டலாம்.

முதலாவது, கொம்பு. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்கள் மெய்யோடு சேரும்போது அவற்றின் குறியோ குறியின் ஒரு பகுதியோ மெய்யெழுத்துக்கு இடப்புறம் வருகிறது. 216 உயிர்மெய் எழுத்துகளுள் சரிபாதியான 108 எழுத்துகளின் நிலை இது. ‘பெட்டி’ என்னும் சொல்லில் காது முதலில் கேட்பது பகரமெய். கை முதலில் எழுதுவது கொம்பு. மலாயும் ஆங்கிலமும் இதே காலத்தில் கற்கும் முதலாமாண்டு மாணவர், ரோமன் எழுத்தில் ஒலித்த வரிசையிலேயே எழுதிப் பழகுகிறார். அவர் ‘பெ’ எழுதத் தடுமாறுவது மந்தத்தின் அடையாளமன்று. அப்பழக்கத்தை இங்கும் கொண்டுவருவதன் விளைவு. இத்தடுமாற்றம் பயிற்சிக்குப் பின்னும் நீடித்து, வேறு எழுத்துகளிலும் மொழிகளிலும் காணப்படுமாயின், அப்போது எழுத்தறிதல் குறைபாடு உண்டா எனத் துறை வல்லுநரை நாடுவது முறை. பாடத்தின் தடையை மாணவரின் குறைபாடாகவும், மாணவரின் குறைபாட்டைச் சோம்பலாகவும் கொள்ளும் இருவகைப் பிழையையும் தவிர்க்க இவ்வேறுபாடு உதவும்.

இரண்டாவது, எண்ணுப்பெயர். ஒன்பது என்னும் சொல், இருபது, முப்பது என்னும் பத்தின் மடங்குகள் போல ‘பது’ என முடிகிறது. தொண்ணூறு, நூறு போல முடிகிறது. தொள்ளாயிரம், ஆயிரம் போல முடிகிறது. 9, 90, 900 ஆகிய மூன்றும் சொல்லளவில் ஓர் இடமதிப்பு உயர்ந்து ஒலிக்கின்றன. மலாயிலோ ஆங்கிலத்திலோ இச்சிக்கல் இல்லை. ஆசிரியர் வாய்மொழியாகக் கூறும் எண்ணை எழுதும் பாடத்தில் ஒரு மாணவர் தொண்ணூற்று மூன்றைப் பிழையாக எழுதினால், அவருக்கு இடமதிப்பு தெரியவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், எண்ணட்டைகளைக் கொடுத்து அதே எண்ணைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டிவிட்டால், தடை கணிதத்தில் இல்லை, சொல்லில் உள்ளது.

மூன்றாவது, பின்னம். தமிழில் ‘மூன்றில் ஒன்று’ என்கிறோம்; பகுதி முன்னும் தொகுதி பின்னும் வருகின்றன. மலாயில் ‘சத்து பெர் தீகா’ எனத் தொகுதியே முன் வரும். எழுதும்போது தொகுதி மேலே, பகுதி கீழே. கேட்ட வரிசையில் மேலிருந்து கீழாக எழுதும் மாணவர் மூன்றை மேலே எழுதிவிடுவார். ஆனால் தமிழ்த்தொடரின் வரிசைக்கு ஒரு சிறப்பும் உண்டு: முழுமையை மூன்றாகப் பிரி, அதில் ஒன்றை எடு என்னும் செயல்முறையை அது அப்படியே கூறுகிறது. தாளை மடித்துக்காட்டும் ஆசிரியர் இத்தொடரைப் பயன்படுத்தினால், எழுதும்போது தடையாவதே விளங்கிக்கொள்ளும்போது துணையாகிவிடும். கணிதமும் அறிவியலும் 2003இல் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டுப் பின்னர்த் தமிழுக்கு மீண்ட வரலாற்றை அறிந்தவர்கள், தாய்மொழியில் கணிதம் என்பது மொழியை மாற்றுவதோடு முடிந்துவிடும் செயலன்று என்பதை ஏற்பர்.

6. அனைவருக்குமான வடிவமைப்புக் கோட்பாடும் அதன் எல்லையும்

தடை மாணவரிடம் இல்லை, கலைத்திட்டத்தில் உள்ளது என்னும் கருத்தை இன்று உலகளவில் முன்வைப்பது ‘கற்றலுக்கான பொது வடிவமைப்பு’ என்னும் கோட்பாடு. அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் நிறுவனம் இதனை வளர்த்தெடுத்தது. அதன் வழிகாட்டி 2008இல் வெளிவந்து, 2024இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. படிக்கட்டோடு சாய்தளத்தையும் முதலிலேயே கட்டிவிட வேண்டும் என்னும் கட்டடக்கலைச் சிந்தனையின் நீட்சி இது. ஈடுபாடு, பொருளை வழங்குதல், வெளிப்படுத்தல் ஆகிய மூன்றிலும் பல வழிகளைத் திறந்து வைக்குமாறு இக்கோட்பாடு கூறுகிறது.

இதன் அடிப்படை ஏற்கத்தக்கது. எனினும் இதனை அப்படியே மொழிபெயர்த்துப் பாடத்திட்டத்தில் ஒட்டுவதால் பயன் குறைவு. காணொளி, படம், ஒலிப்பதிவு எனப் பல வழிகளில் பாடம் வழங்கப்படலாம்; அவை அனைத்தும் மாணவர் அறியாத எழுத்துவழக்கிலேயே இருந்தால் தடை சிறிதும் குறைவதில்லை. வழிகள் பெருகியிருக்கும், கதவு மூடியே இருக்கும். கொம்பும், இரட்டை வழக்கும், தொண்ணூறும் அவ்வழிகாட்டியில் இடம்பெற வாய்ப்பில்லை. தமிழ் வகுப்பின் தடைப்பட்டியலைத் தமிழ் அறிந்தவரே எழுத வேண்டும். இது பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இந்திய ஆய்வியல் துறைகளும் ஏற்க வேண்டிய பணி. இலக்கணம் கற்ற ஆய்வாளர், அவ்விலக்கணத்தின் எந்த இடம் எந்த மாணவருக்குத் தடையாகும் என்பதையும் கூற வல்லவராதல் வேண்டும்.

7. ஆசிரியர் தரப்பு மறுப்பு

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஆசிரியரின் எழுத்துப்பணி ஏற்கெனவே மிகுதி. மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியரும் உள்ளனர். நகர்ப்புறப் பெரும்பள்ளிகளில் வகுப்பு நிறைந்து வழிகிறது. ஒவ்வொருவரின் தடையையும் எழுதுவதென்றால் அது இன்னொரு படிவமாகவே முடியும்; படிவங்கள் நிரப்பப்படும், பாடம் மாறாது.

இம்மறுப்பு சரியானதே. ஆதலால் இங்கு முன்மொழியப்படுவது புதிய படிவம் அன்று. பழைய படிவத்தில் ஒரு வாக்கிய மாற்றம். திட்டமிடும்போது ஆசிரியர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பினால் போதும். இப்பாடத்தில் கற்க வேண்டிய கடினம் எது? அதை அடையுமுன் பாடம் வேறு எவற்றைக் கேட்கிறது? அவற்றுள் எது, யாரிடம் இன்னும் இல்லை? மூன்றாம் வினாவின் விடையை ஒரு வரியாக எழுதலாம். சிந்தனை மீட்சியிலும் ‘ஐவர் அடையவில்லை’ என்பதற்கு மாறாக, ‘மூவர் வினைமுற்றில் நின்றனர், இருவர் வெண்பலகையைப் படியெடுத்து முடிக்கவில்லை, நாளை குறிப்பை அச்சிட்டுத் தருக’ என எழுதலாம். முன்னதை எழுத ஆகும் நேரத்தைவிடப் பின்னதற்குச் சற்றே கூடுதல் நேரம் ஆகலாம். ஆனால் முன்னது மேற்பார்வையாளருக்காக எழுதப்படுவது. பின்னது அடுத்த நாள் பாடத்தை மாற்றுவது.

எல்லாத் தடைகளும் பாடத்திட்டத்தால் தீர்வன அல்ல என்பதையும் கூறியாக வேண்டும். பசி, பார்வைக் குறை, செவித்திறன் குறை, வீட்டுச் சூழல் ஆகியவை ஆசிரியரின் தனி முயற்சிக்கு அப்பாற்பட்டவை. அவற்றையும் ‘கடைநிலை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டால், உதவ வேண்டியவர்களின் கண்ணில் அவை படாமலே போகும்.

முடிவுரை

தமிழ்ப்பள்ளி ஆறாண்டுப் பள்ளி. அதன்பின் மாணவர் செல்லும் தேசிய இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் விரும்பி எடுத்தால். முதலாமாண்டில் கொம்பில் தடுக்கி, நான்காமாண்டில் கோடிட்ட இடங்களை மட்டும் நிரப்பி, ஆறாமாண்டில் தமக்குத் தமிழ் வராது என்ற முடிவோடு வெளியேறும் மாணவர் அம்மொழியை மீண்டும் எடுப்பார் என எதிர்பார்க்க இயலாது. தமிழ்ப்பள்ளியின் எதிர்காலம் பற்றி நாம் மேடைகளில் பேசுவதன் ஒரு பகுதி, ஆசிரியர் எழுதும் அந்த ஒற்றைத் தாளில் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்கப்படுகிறது.

இல்லிக்குடத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் கழற்குடத்தையும் நினைவுகூர வேண்டும். மாணவர் எவ்வகையினர் என்று கேட்பதற்கு முன், இப்பாடம் அவரிடம் என்ன கேட்கிறது என்று கேட்போமாயின், கடைமாணாக்கர் எனப் பெயர் பெற்றவருள் பலர் வழியில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களே என்பது புலனாகும்.